தண்ணீர் கேட்காத செடி

"யாரும் பார்த்துக்கலைன்னாலும் உயிரோட இருக்கிற மாதிரி ஒரு செடி வேணும்."

செடிக்கடைக்காரன் பூவாளியைக் கீழே வைத்துவிட்டுத் தையல்காரம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வாய் மட்டும் அறுபதைத் தாண்டியிருந்தது.

"எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்கக்கா. வாங்கின கையோட நாம மறந்துடணும், செடி மட்டும் நம்மளை மறக்கக் கூடாது. எதிர்க் கடையில பிளாஸ்டிக்ல இருக்கு, பார்க்குறீங்களா?"

"கிண்டல் பண்ணாதே தம்பி. உயிருள்ளதா வேணும்."

"சரி, எங்கே வைக்கப் போறீங்க? பால்கனியா, மாடியா?"

"வெட்ட வெளி. பொழுது விடிஞ்சா சாயற வரைக்கும் வெயில்தான்."

"தண்ணி?"

"ஊத்த ஆள் கிடையாது. நான் ஊரை விட்டுப் போறேன். பெரிய பையன் வீட்டுக்கு. என் பொண்ணு இருக்கிற இடத்துல வெச்சுட்டுப் போகணும்."

"பொண்ணு இங்கேதான் இருக்காங்களா? அப்புறம் என்ன, அவங்க ஒரு சொம்பு ஊத்த மாட்டாங்களா? இந்தக் காலத்துப் பசங்க இருக்காங்களே..."

தையல்காரம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், திறந்தாள், மறுபடி இழுத்தாள். செடிக்கடைக்காரனின் சிரிப்பு மெல்ல இறங்கியது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுத் துணியால் துடைத்தான்.

"உக்காருங்கக்கா," என்றான். அதற்குப் பிறகு அவன் கிண்டல் பண்ணவில்லை.

பின்பக்கம் போய், ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்னத் தொட்டிகளோடு வந்தான். ஒவ்வொன்றிலும் விரல் நீளத் தண்டுகள். தண்டைச் சுற்றிக் குண்டு குண்டாய் இலைகள்.

"சீடம்னு பேரு. சதைப்பற்றுச் செடி. பாறை இடுக்குல, கூரை ஓட்டுல, எங்கே வேணா தொத்திக்கும். குடிக்கிற தண்ணியை இலைக்குள்ளேயே சேர்த்து வெச்சுக்கும். ஒரு இலை உதிர்ந்து விழுந்தாக்கூட அதுலேர்ந்து வேர் விடும். வானத்துலேர்ந்து எப்பவாவது விழறதே போதும்."

தையல்காரம்மா ஓர் இலையைத் தொட்டாள். பச்சைப் பட்டாணி மாதிரியே இருந்தது. அவளுடைய மகளை வீட்டில் எல்லோரும் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவு உருண்டை. வளர்ந்து, கல்யாணமாகி, இருபத்தொன்பது வயதில் காய்ச்சல் என்று படுத்து, மூளைக்கு ஏறிவிட்டது என்று மருத்துவர்கள் கையை விரிக்கும் வரை அந்தப் பெயர் மாறவே இல்லை.

"இதுவே இருக்கட்டும்," என்றாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இந்தச் செடியைக் கொல்லணும்னா ஒரே வழிதான். பாசம். பாவமா இருக்கேன்னு தண்ணி ஊத்தினீங்க, அடியோட அழுகிடும். இலை சுருங்கித் தளர்ந்தாதான் தாகம்னு அர்த்தம். மண்ணுல பாதிக்குப் பாதி சரளை கலந்துடுங்க. நட்டுட்டு, வந்துடுங்க. கொஞ்சாதீங்க."

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, பேருந்து திரும்பும் இடத்தில் இருந்தது. மகளுடைய கல்லறை மேட்டில் முதலில் ரோஜா வைத்துப் பார்த்திருந்தாள். ஒரு வாரம் முழங்கால் வலியால் போக முடியாமல் படுத்தபோது அது காய்ந்து விறகாகிவிட்டது. அதன் பிறகு புல் விதைத்தாள். புல்லைவிடக் களை வேகமாக வளர்ந்தது. இப்போது மண்ணைக் கொத்திச் சரளை கலந்து மேடு கட்டி, ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்து நட்டாள். துணி வெட்டுகிற கை. வரிசை ஒரு நூல் பிசகவில்லை.

"இன்னும் ரெண்டு மாசம்தாண்டி," என்று கல்லைப் பார்த்துச் சொன்னாள். "கடை இருக்கிற கட்டடத்தை இடிக்கப் போறாங்களாம். அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறேங்கறான். என்னால முடியாதுன்னு எத்தனை நாள் சொல்றது? முட்டி வேற சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

சில வாரங்களில் செடி படர்ந்தது. அப்புறம் ஒரு நாள் போய்ப் பார்த்தபோது இலைகளின் நுனியெல்லாம் சிவந்து கிடந்தன. நேராகச் செடிக்கடைக்குப் போய் நின்றாள்.

"கருகுது தம்பி!"

"தொட்டுப் பார்த்தீங்களா? கல்லு மாதிரி கெட்டியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கருகலை. நல்லா வெயில் பட்டா இது சிவக்கும். நல்லா இருக்குன்னு அர்த்தம். வெயில் கிடைக்காம சோகமா இருந்தாத்தான் வெளிறிப் போய் நீளும். நீங்க அடிக்கடி போறீங்களோ?"

"வாரத்துக்கு மூணு தடவை."

"ஊருக்குப் போனப்புறம்?"

அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். படுத்துப் புரண்டு ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரு மாதம் போகக் கூடாது. போகாமல் இருந்து பழகிக்கொள்ள வேண்டும். செடியும் பழகிக்கொள்ளட்டும். துணி தைப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். முழுத்தையல் போடுமுன் தளர்வாக ஒரு பெருந்தையல் போட்டு, உடுத்திப் பார்த்து, எங்கே இழுக்கிறது என்று கவனிப்பார்கள். ஊரைப் பிரிவதற்கு முன்னால் அப்படி ஓர் ஒத்திகை.

அந்த மாதம் வேலை மட்டும் இல்லையென்றால் பைத்தியம் பிடித்திருக்கும். கடை மூடப் போகிறது என்று தெரிந்து ஊரே அலமாரியைக் காலி செய்து கொண்டுவந்து கொட்டியது. ஜிப் போன பைகள், நீளம் குறைக்க வேண்டிய கால்சட்டைகள், கை கிழிந்த மழைக்கோட்டுகள். ஒடுக்கமான அறை, ஒரு பக்கம் இரண்டு இயந்திரங்கள், மறு பக்கம் ஆளுயரக் கண்ணாடி, உடுத்திப் பார்க்க ஒரு திரை. பேருந்து நிலையம் பக்கம் போகிற வேலை வந்தால்கூட வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனாள். கல்லறைத் தோட்டத்துப் பேருந்தைப் பார்த்தால் கால் தானாக ஏறிவிடும்.

மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அக்கா வந்தாள். பட்டாணியின் நாத்தனார். நல்ல மனசு, ஆனால் நாக்குக்குக் கதவு கிடையாது. ஒரு கறுப்புக் கோட்டை மேசையில் போட்டாள்.

"அத்தை, இது எங்க வீட்டுக்காரரோடது. பொத்தான் போட்டா மூச்சு விட முடியலையாம். மூச்சு விட்டா பொத்தான் இருக்க மாட்டேங்குது. ரெண்டுல ஒண்ணைக் காப்பாத்திக் குடுங்க."

தையல்காரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோட்டைப் புரட்டி உள்தையலைப் பார்த்தாள்.

"பக்கத் தையலைப் பிரிச்சு விட்டா ஒரு விரக்கடை கிடைக்கும். அதுக்கு மேல வேணும்னா வயித்தைத்தான் பிடிச்சுத் தைக்கணும். எப்போ வேணும்?"

"பத்து நாள்ல குடுங்க அத்தை. தம்பி கல்யாணத்துக்கு..."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.  அவளுக்கு ஒரே ஒரு தம்பிதான்.

"உங்களுக்கு அவன் சொல்லலையா?" என்றாள் அக்காக்காரி, குரல் உள்ளே போய். "சொல்றேன் சொல்றேன்னு சொன்னானே. நான் போய்ச் சொல்லிட்டேன் பாருங்க, பாவி வாய்... தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. நாங்கதான் கட்டாயப்படுத்தினோம். அவன் வேலை பார்க்கிற கம்பெனி ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு."

"நான் ஏம்மா தப்பா எடுத்துக்கறேன்? சின்ன வயசு. எத்தனை நாளைக்குத் தனியா இருப்பார்?" என்றாள் தையல்காரம்மா. சுண்ணாம்புக் கட்டியால் கோட்டில் கோடு போட்டாள். கோடு கோணிப் போயிற்று. துடைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

அக்காக்காரி போன பிறகு கோட்டை மடித்து மேசை ஓரமாகத் தள்ளினாள். நேற்றுத்தான் செத்தாள் போல இருக்கிறது, அதற்குள்ளா? நான் போய்விட்டால் அவளுக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? அவளைத் தொட்டுத் தாலாட்டியது நான், கட்டிக்கொண்டது அவன். நான் ரயிலேறிப் போகிறேன், அவன் மாலை மாற்றிக்கொண்டு போகிறான். அவள் மட்டும் அங்கே. அவளுக்கென்று மிஞ்சப்போவது அந்தச் செடி ஒன்றுதான்.

ஒத்திகையாவது ஒன்றாவது என்று கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தூரத்திலிருந்தே அதைப் பார்த்தாள். கல்லறை மேட்டின் மேல் ஒரு குடை. விரித்து, காம்பைக் கம்பியால் ஒரு குச்சியோடு கட்டி, மண்ணில் ஆழமாக ஊன்றியிருந்தது. கிட்டப் போனதும் அடையாளம் தெரிந்தது. நீலக் குடை. ஓரத்தில் துணி கம்பியை விட்டு விலகிய இடத்தில் மஞ்சள் நூலால் தைத்திருந்தது. நீல நூல் தீர்ந்துபோன நாளில் அவளே தைத்துக் கொடுத்தது. "இதென்னம்மா, பொட்டு வெச்ச மாதிரி," என்று சிரித்துக்கொண்டே அதைப் பிடித்துக்கொண்டு போனவள் பட்டாணி.

அது மாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டிய குடை.

குடைக்குக் கீழே செடிகள் இருந்தன. சிவப்பு போயிருந்தது. வெளிறிய பச்சையில், கழுத்து நீண்டு, வெளிச்சம் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒன்றைத் தொட்டாள். இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தண்டை இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கறுத்துக் கூழாகி, மூக்கைத் துளைக்கிற நாற்றம். மண் ஈரத்தில் சொதசொதவென்று இருந்தது. மழை பெய்து மூன்று வாரமாகிறது.

பாதையில் சருகு கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா, ரொம்ப நாளா உங்களைக் காணோமே? உங்க பொண்ணோட வீட்டுக்காரர் தங்கமான மனுஷங்க. தினம் சாயந்திரம் வேலை முடிஞ்சு வந்துடுவார். ரெண்டு பாட்டில் தண்ணி. ஒரு நாள் தவறினதில்லை."

தையல்காரம்மா குடையைப் பிடுங்கி எறிந்தாள். குச்சி முறிந்தது. அங்கேயே உட்கார்ந்து செடிக்கடைக்காரனுக்குப் போன் போட்டாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"அழாதீங்கக்கா," என்றான் அவன். "நுனியைப் பாருங்க. கெட்டியா இருக்கா? கறுப்பு ஏறாத இடத்துல வெட்டிடுங்க. வெட்டினதை உடனே நட்டுடாதீங்க. நிழல்ல நாலஞ்சு நாள் காயட்டும். வெட்டுக்காயம் ஆறித் தோல் கட்டணும். காயம் ஆறாம மண்ணுல வெச்சா திரும்பவும் அழுகும்."

எப்போதும் பையில் கிடக்கிற நூல் கத்தரியால் ஒவ்வொரு தண்டாக வெட்டினாள். பிழைத்தது கைப்பிடிதான். வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி வெட்டும் மேசையில் செய்தித்தாள் விரித்து, ஒன்றோடொன்று படாமல் பரப்பி வைத்தாள். மறுநாள் காலை முதல் வேலையாக மாப்பிள்ளையைத் தேடிப் போனாள்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கடைத்தெருவில் இருந்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. முன்னால் குறுக்காக ஒரு மஞ்சள் நாடா. பெட்டி மேலே எங்கேயோ நின்றிருக்க, பள்ளத்துக்குள் கையில் கிரீஸோடு அவன் நின்றிருந்தான். தரைக்கு மேலே அவன் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன.

"அத்தை!" என்றான். முகத்தில் ரத்தம் இல்லை.

"குடை யாரோடதுங்க மாப்பிள்ளை?"

அவன் கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வைத்தான்.

"அந்தச் செடி வேணாம் வேணாம்னு சொல்ற ஒரே விஷயம் தண்ணி. அதைத் தினம் ரெண்டு பாட்டில் ஊத்தியிருக்கீங்க. வெயில் வேணும்னு கேக்குற செடிக்குக் குடை பிடிச்சிருக்கீங்க. மொத்தமா அழுகிப் போச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"அழுகிப் போச்சா?" என்றான். "இல்லையே அத்தை, நல்லா வந்துச்சே! நான் பார்த்தப்ப செக்கச்செவேல்னு வெந்து கிடந்தது. நீங்க ஒரு வாரமா வரலைன்னு அங்கே கூட்டுறவங்க சொன்னாங்க. ஊருக்கே போயிட்டீங்கன்னு நெனச்சேன். இனி நம்மளை விட்டா ஆள் இல்லைன்னு... அவளுக்கும் வெயில் ஆகாதே, தலைவலி வருமேன்னு... தண்ணி ஊத்த ஊத்தப் பச்சையாயிடுச்சு. பிழைச்சுக்கிச்சுன்னு நெனச்சேன்."

"சிவப்பா இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"எனக்கு எப்படித் தெரியும்? எண்ணெய் போடாம, பார்க்காம, எந்த மெஷின் அத்தை ஓடுது?"

கையில் கோப்போடு ஒருவர் வந்து நாடாவின் முன் நின்றார். "லிஃப்ட் எப்பங்க வரும்?"

"படி இருக்குங்க," என்றாள் தையல்காரம்மா, திரும்பாமலே.

"அஞ்சாவது மாடிங்க."

"உடம்புக்கு நல்லது. ஏறுங்க."

அவர் போனார். அவள் குரல் தாழ்ந்தது.

"உனக்குக் கல்யாணமாமே."

இத்தனை வருஷத்தில் அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நெற்றியைப் புறங்கையால் துடைத்ததில் கறுப்பு அப்பிக்கொண்டது.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்ட. அதுக்கு முன்னாடி அவகிட்ட." பள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "தினம் அதுக்குத்தான் போனேன் அத்தை. இன்னிக்குச் சொல்லிடணும், இன்னிக்குச் சொல்லிடணும்னு போவேன். அங்கே போனா வாய் வராது. சும்மா நிக்க முடியலை. ஏதாவது செய்யணும் போல இருக்கும். தண்ணியை ஊத்திட்டு வந்துடுவேன்."

தையல்காரம்மா அங்கே கிடந்த கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கோபம் வந்த வேகத்தில் வந்தவள், அது காலடியில் நழுவிப் போனதில் தடுமாறினாள்.

"அந்தச் செடிக்கு யாரும் வேண்டாம்ப்பா," என்றாள். "அதுக்காகத்தான் தேடித் தேடி வாங்கினேன். நானும் வேண்டாம், நீயும் வேண்டாம்."

"அப்ப நான் என்ன செய்யறது?"

சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டான்.  அந்த ஒரு மாதம் முழுவதும், பேருந்தைக் கண்டால் தெரு மாறி நடந்தபோதெல்லாம், அவள் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். பத்து விரலும் இருக்கிறது, பெற்ற மனசும் இருக்கிறது. பண்ணுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில வா," என்றாள் எழுந்துகொண்டே. "ஒரு மூட்டை சரளை கொண்டு வா. பாட்டில் கொண்டு வராதே."

ஞாயிற்றுக்கிழமை அவன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். ஊறிப்போன மண்ணை வாரி வெளியே எடுத்துவிட்டுச் சரளையைக் கொட்டிக்கொண்டிருந்தான். முறிந்த குச்சியும் குடையும் காணோம். எடுத்துப் போயிருப்பான். அவள் கேட்கவில்லை.

செடியைப் போட்டுக் கொண்டுவந்த பொத்தான் டப்பாவைத் திறந்தாள். வெட்டிய தண்டுகளின் அடியில் காயம் உலர்ந்து, வெளுத்து, தோல் கட்டியிருந்தது. முழங்கால் மடங்காததால் கல்லறை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவன் குத்துக்காலிட்டு நட்டான்.

"அவ்வளவு ஆழம் வேண்டாம். செருகி வை, போதும்."

"விழுந்துடாதா?"

"விழுந்தாலும் வேர் விடுமாம். நம்மளை மாதிரி இல்லை."

 அவன் திருகாணி முடுக்குகிற மாதிரி ஒவ்வொன்றையும் லேசாகத் திருகி ஊன்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுங்காகத்தான் செய்தான். பட்டாணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் சக்கரம் கிறீச்சிடுகிறது என்று இவன் எண்ணெய் கொண்டுவந்து போட்டதும், அதற்கு நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. அவளுக்குத் தொந்தரவாக இருக்குமே என்றான் அன்றைக்கும். அவளுக்கோ அப்போது எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"எப்ப வேர் பிடிக்கும்?" என்று கேட்டான்.

"மூணு, நாலு வாரம் ஆகும்னான். அதுக்குள்ள ஒரு சொட்டு ஊத்தக் கூடாதாம்."

"நீங்க அப்ப இருக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

வேர் பிடித்ததா, இல்லை வெயிலில் சுருங்கிச் செத்ததா என்று அவள் கண்ணால் பார்க்கப் போவதில்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டப்பாவை மூடினாள், திறந்தாள். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

"சொல்லிட்டியா?" என்றாள்.

"என்னது?"

"அவகிட்ட."

அவன் கல்லைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.  கை தானாகப் பக்கவாட்டில் எதையோ துழாவியது. அங்கே பாட்டில் இல்லை. வெறும் சரளையை அள்ளி வைத்துக்கொண்டான்.

"முடியலை அத்தை."

தையல்காரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவனை மன்னித்துவிட்டேனா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இல்லை. எங்கேயோ இன்னும் நெருடிக்கொண்டுதான் இருந்தது, துணிக்குள் மறந்துவிட்ட குண்டூசி மாதிரி. ஆனால் இப்படியே விட்டால் இவன் நாளைக்கும் வருவான். நாளன்றைக்கும் வருவான். சொல்ல வந்ததைச் சொல்லாமல், ஏதாவது ஒன்றை இந்த மண்ணில் ஊற்றிவிட்டுப் போவான். புதுசாக வருகிறவள் வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு கையைக் கல்லில் ஊன்றிக்கொண்டாள்.

"பட்டாணி," என்றாள். அடுத்த அறையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற குரல்தான். "உன் வீட்டுக்காரருக்கு அடுத்த வாரம் கல்யாணம்டி."

காற்று இல்லை. எதுவும் அசையவில்லை.

"தனியா சமைச்சுத் தனியா சாப்பிட்டுட்டு இருந்தார். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவங்க அக்காதான் பார்த்து முடிச்சிருக்கா. அவர் உன்கிட்ட சொல்லத்தான் தினம் வந்தாராம். வாய் வரலை. அதான் நான் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் ஊருக்குப் போறேன். அண்ணன் வர்ற வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறான். ரெண்டையும் ஒரே நாள்ல சொல்றேனேன்னு கோச்சுக்காதேடி. எனக்கு வேற நாள் இல்லை."

மாப்பிள்ளை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதான். அவள் அவன் தலையைத் தொடவில்லை. தொடுவதற்குக் கை போகவில்லை. எழுந்தும் போகவில்லை. அவன் அழுது முடிக்கும் வரை உடன் இருந்தாள்.

அவன் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"மாசம் ஒரு தடவை வந்தா போதும். களை இருந்தா பிடுங்கு. இல்லைன்னா உக்காந்துட்டுப் போ. மண்ணு காஞ்சிருக்கேன்னு பதறாதே, இலையைத் தொட்டுப் பாரு. கெட்டியா இருந்தா அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

"தினம் வரக் கூடாதா?"

"கூடாது. இன்னொண்ணு. வர்றப்ப வீட்டுல சொல்லிட்டு வா. வேலை இருந்துச்சு, லேட்டாயிடுச்சுன்னு பொய் சொல்லாதே. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? அவளுக்குப் பிடிக்கலைன்னா வர வேண்டாம்."

"அப்ப இங்கே யாரு..."

"யாரும் வேண்டாம்னு தானேப்பா இந்தச் செடியை வெச்சிருக்கோம்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, அந்த வாக்கியம் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று கொஞ்ச நேரம் வியந்து நின்றாள். அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். கிரீஸ் வாடை அடிக்கிற கை. எழுந்ததும் விட்டுவிடாமல், வாசல் வரை பிடித்துக்கொண்டே வந்தான். ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். சரளை மேட்டில் கட்டைவிரல் அளவுத் தண்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளி நின்றிருந்தன. இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் நடாத வெறும் மேடு மாதிரிதான் தெரிந்தது. இரண்டாம் முறை திரும்பவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் இவர்கள் இருவரும்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு பேர் என்ன?" என்று கேட்டாள்.

அவன் தயங்கினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பெயரைச் சொன்னான்.

தையல்காரம்மா அதைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். நாக்கில் ஒட்டாத, புதுப் பெயர். பேருந்து வந்து நின்றது.

"நல்ல பேர்தான்," என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை முதல் படியில் வைத்தாள்.